பயம் எடுக்கும் படிப்பு

எட்டாவது மாடித் திருப்பத்தில் துளசிமணி நின்றாள், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பொங்கியண்ணனும் நின்றார், நின்றதும் அவர் கண் நேராகப் போனது மனைவியின் தோள்பட்டைக்குத்தான். ஒருவர் மூச்சு விடுவதை மூக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தோளைப் பாருங்கள், தோள் ஏறினால் நீங்களும் இழுங்கள், இறங்கினால் விடுங்கள், கொஞ்ச நேரத்தில் அவர் மனசுக்குள்ளே போய் நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று ஈரோட்டு ஹோட்டல் ஹாலில் பயிற்சியாளர் அதியமான் சொல்லியிருந்தார். அவள் தோள் ஏறியது, இவர் இழுத்தார், இறங்கியது, விட்டார், ஆனால் ஐம்பத்தெட்டு வயசு நெஞ்சுக்குத் தன் மூச்சே போதாத நேரத்தில் பெண்டாட்டியின் மூச்சையும் சேர்த்து விடுவது லேசுப்பட்ட காரியமா, மூன்றாவது சுற்றிலேயே கணக்குத் தப்பி இருமல் வந்தது. "ஏனுங்க, தண்ணி வேணுங்களா?" என்று அவள் திரும்பினாள். வேண்டாம் என்று கையை ஆட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் மேலே போகிற சத்தம் கேட்டது, யாரோ நீளமாகப் பெருமூச்சு விடுவது மாதிரி, எங்கேயோ மணி அடித்தது, துளசிமணி சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். முழங்கால் தேய்ந்துபோனவள். பதினெட்டாவது மாடியில் மகள் தாரணி படுத்திருக்கிறாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, அசையக்கூடாது, பிரயாணம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவதுதான் முறை, இங்கே தாய்வீடு கால் முளைத்து, பருப்புப்பொடியும் செக்கு நல்லெண்ணெயும் பையில் போட்டுக்கொண்டு, பெருந்துறையிலிருந்து ரயிலேறி வந்து சென்னையில் படியேறிக்கொண்டிருந்தது. "லிஃப்ட் நல்லா ஓடுதுங்க சார்" என்று வாசலில் செக்யூரிட்டிக்காரர் வேறு கரிசனமாகச் சொன்னார். ஓடுவதுதானே அவளுக்குப் பிரச்சினை.

துணிக்கடை மாடிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் படிதான், கல்யாண மண்டபத்தில் சாப்பாடு மூன்றாவது மாடி என்றால் அவள் போய்ச் சேர்வதற்குள் ரசம் வந்துவிடும், சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தாயிற்று, அவளும் கூடவே சிரித்தாயிற்று. இதுவரை அது ஒரு வேடிக்கை. போன வாரம் தாரணி போனில், "அம்மா, திடீர்னு ரத்தம் பட்டா என்னைய லிஃப்ட்லதான் இறக்குவாங்க, அப்ப நீ என் கையப் பிடிச்சுட்டு நிக்கோணும், தெரியுதா?" என்று சொன்ன அன்றைக்கு வேடிக்கை முடிந்துபோனது. துளசிமணி, "நிக்கறேன் சாமி, நிக்கறேன்" என்றாள், போனை வைத்தாள், அடுப்பில் பாலை வைத்தாள், அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தும் பார்த்துக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்த கையோடுதான் பொங்கியண்ணன் செய்தித்தாளுக்குள் வந்திருந்த அந்த நோட்டீசைக் குப்பைக்கூடையிலிருந்து திரும்ப எடுத்தார். மனசையும் மொழியையும் இணைக்கும் பயிற்சி, என்.எல்.பி., சர்வதேசச் சான்றிதழ், இலவச அறிமுகக் கூட்டம், மாலைத் தேநீர் உண்டு. இவர் தேநீருக்குப் போகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஏஜெண்டாகப் பேசியே பிழைத்தவர், பேச்சுக்கு மயங்குகிற வயசை எல்லாம் தாண்டி, அடுத்தவரை மயக்கிக் கையெழுத்து வாங்குகிற வயசையும் தாண்டிவிட்டவர். அப்படிப்பட்ட மனுஷன் அந்தக் கூட்டத்தில் கையிலிருந்த பஜ்ஜியை வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருந்தார். மேடைக்கு ஒரு ஜவுளிக்கடை அம்மாவை அழைத்தார்கள், பல்லி என்றால் அவருக்கு உயிரே போய்விடுமாம், பல்லி என்ற சொல்லைக் கேட்டதுமே கழுத்தில் சங்கிலி குதிப்பது பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. கண்ணை மூடுங்கம்மா என்றார் அதியமான், நீங்க ஒரு தியேட்டர்ல உக்காந்திருக்கீங்க, திரையில அந்தப் பல்லி, சரி, இப்ப கலரை எடுத்திருங்க, கறுப்பு வெள்ளை, இன்னும் சின்னதாக்குங்க, இப்ப படத்தைக் கடைசியிலிருந்து முன்னால ஓட்டுங்க, பல்லி பின்னாடியே நடந்து போகுது, கோமாளிப் பாட்டு ஒண்ணு போடுங்க. அந்த அம்மாவின் முகம் மாறியதை இவர் கண்ணால் பார்த்தார். நெற்றி இளகியது, கன்னம் இளகியது, பிறகு, இதுதான் இவரைத் தூங்கவிடாமல் செய்தது, அந்த அம்மா கண்ணை மூடியபடியே குழந்தை மாதிரிச் சிரித்தார். யாரோ ஒருவரின் மண்டைக்குள் வெறும் வாயால் போய், நாற்பது வருஷப் பயத்தின் நிறத்தை எடுத்துவிட முடிகிறது. பொங்கியண்ணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று, கோயிலில்கூட அவருக்கு இப்படி ஆனதில்லை.

பத்தாவது மாடித் திருப்பத்தில் யாருடைய வீட்டுக் குழந்தை சைக்கிளோ தலைகீழாகக் கிடந்தது, காய்ந்துபோன துளசித்தொட்டி ஒன்று, ஒரு வீட்டிலிருந்து கத்தரிக்காய் வதங்குகிற வாசனை. படிக்கட்டு என்பது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் வேண்டாததைப் போட்டுவைக்கிற இடமாக இருந்தது. பொங்கியண்ணன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமலே தெரியும், அதியமான் ஆபீஸ் பெண்ணாகத்தான் இருக்கும், காலையில் ரயிலிலும் கூப்பிட்டாள். "அங்கிள், இன்னிக்குச் சாயந்தரத்தோட பேட்ச் க்ளோஸ் பண்றோம், ரெண்டே சீட்டு." இது அவருடைய வித்தை, மார்ச் மாசம் முடியப்போகுதுங்க, வரி கட்டறதுக்கு பதில் பாலிசி எடுத்துருங்க என்று எத்தனை பேரை விரட்டியிருப்பார், விரட்டுகிறவனுக்கு விரட்டு தெரியாதா, தெரிந்தும் நெஞ்சு பதைத்தது, அதுதான் ஆச்சரியம். ஒரே வாரம், பிராக்டிஷனர் சான்றிதழ், நாலு வெளிநாட்டு முத்திரை, பயம் எடுக்கும் முறை மூன்றாம் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். இன்னொரு பக்கம் திருப்பூரில் இதே படிப்பைச் சொல்லிக்கொடுக்கிற லூர்துமேரி என்று ஒரு அம்மா. நோட்டீசு கிடையாது, முத்திரை ஒன்றே ஒன்று, அதையும் கேட்டால்தான் சொல்கிறார். ஒரு வருஷப் பயிற்சி. முதல் ரெண்டு மாசம் எதிரில் இருப்பவரைப் பார்க்கலாம், கேட்கலாம், பேச விடமாட்டார்களாம். பேசாமல் ரெண்டு மாசம்! பொங்கியண்ணன் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். இதில் எது அசல் எது போலி என்று யாரைக் கேட்பது, இன்சூரன்ஸுக்கு மேலே ஒரு ஆணையம் இருக்கிறது, தப்பு செய்தால் லைசென்ஸைப் பிடுங்கும், இந்தப் படிப்புக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் வானம்தான் இருக்கிறது, அவரவர் பள்ளிக்கு அவரவரே மார்க் போட்டுக்கொள்கிறார்கள். மாப்பிள்ளைகூட, "இதுக்கெல்லாம் அறிவியல் ஆதாரம் ரொம்பக் கம்மிங்க மாமா, பாத்துச் செய்யுங்க" என்றார். ஆதாரம் கம்மிதான், ஆனால் அந்த அம்மா சிரித்தாரே. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? திருப்பூர் அம்மாவோ போனில் விற்கவே இல்லை, அதுதான் இவருக்கு முதல் சந்தேகம், விற்கத் தெரியாதவர் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பார். யாருக்காகப் படிக்கிறீங்க என்று கேட்டார். வீட்டம்மாவுக்குங்க, லிஃப்ட் பயம். லிஃப்ட்ல எதுங்க பயம்? லிஃப்ட்தானுங்க. அதுல எதுங்க? அதற்கு இவர் லிஃப்ட் எப்படி இயங்குகிறது, எத்தனை கம்பி, எத்தனை பிரேக், விபத்து விகிதம் எவ்வளவு குறைவு என்று நீளமாகச் சொன்னார், அந்தப் பக்கம் முழுசாகக் கேட்டுவிட்டு, "அது நீங்க சொல்றதுங்க. அவங்க என்ன சொல்றாங்க?" என்றது. பிறகு ஒன்றும் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று இவர் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், கட்டாகவில்லை, அந்த அம்மா சும்மா இருந்தார். அப்படிச் சும்மா இருந்தது காதுக்குள் இன்னும் இருக்கிறது.

துளசிமணியிடமே கேட்டுவிடலாம்தான். கேட்பதற்கு வாய் வராமல் இவர் சுற்றிச் சுற்றி வருவதற்கு வேறு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் ரயிலில் சேலம் தாண்டும்போது ஒருமுறை நினைத்து, நினைக்காதது மாதிரி தினத்தாளைப் பிரித்துக்கொண்டார். கல்யாணமான புதுசில் இவருக்குப் பேச்சு வராது. மற்ற ஏஜெண்டுகள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுவார்கள், இவர் துளசிமணியை நாற்காலியில் உட்காரவைத்து அவளை வாடிக்கையாளராக நினைத்துப் பேசிப் பழகினார். அதில் ஒரு கதை உண்டு, இவரே கட்டியது. பம்பாயில் ஒரு பெரிய கம்பெனி மேனேஜர், முப்பத்திரண்டு வயசு, காலையில் டிபன் சாப்பிட்டு, குழந்தைக்கு முத்தம் கொடுத்து, ஆபீஸ் லிஃப்டில் ஏறினார், கதவு சாத்தியது, கம்பி அறுந்தது, பாலிசி கிடையாது. கடைசி ரெண்டு வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும், அந்த நிறுத்தத்தில்தான் எதிராளி விழுவான். அதை அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! பல்லிக்கு நாற்பது வருஷம் என்றால் இதற்கு முப்பது. பன்னிரண்டாவது மாடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த பொங்கியண்ணனுக்கு நடுமுதுகில் வேர்வை சில்லிட்டது. சான்றிதழ் இல்லாமல், முத்திரை இல்லாமல், சம்பளம் வாங்காமல், நானே உட்காரவைத்து, நானே மூச்சை நிறுத்தி, நானே உள்ளே இறக்கியதா இது? அப்படியென்றால் சொல்லுக்கு எவ்வளவு பலம். விதைத்தவனுக்கே தெரியாமல் ஒரு சொல் இன்னொரு ஆளுக்குள் போய் முப்பது வருஷம் உயிரோடு இருக்குமா? பயமாக இருந்தது, ஆனால் பயத்துக்கு அடியில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. "அம்மிணி," என்றார், "அந்தப் பம்பாய் மேனேஜர் கதை உனக்கு ஞாபகம் இருக்குதா?" துளசிமணி கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தாள். "எந்த மேனேஜருங்க?" "அதுதான், லிஃப்ட் அறுந்து... உன்னைய உக்காரவச்சுச் சொல்லுவனே." அவள் சிரித்துவிட்டாள், மூச்சிரைப்பில் சிரிப்பு துண்டுதுண்டாக வந்தது. "அதையெல்லாம் நான் எங்கீங்க கேட்டேன்? நீங்க பேசறப்ப அந்த மீசை ஒரு பக்கமா ஏறி ஏறி இறங்கும், அதையப் பாத்துட்டே உக்காந்திருப்பேன். கல்யாணம் ஆன புதுசு பாருங்க." இவர் கையை மீசைக்குக் கொண்டுபோனார். முப்பது வருஷமாக அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து வேறு எதையோ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அது இவருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

பன்னிரண்டில் முழங்கால் நின்றுவிட்டது. வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை, படியில் உட்கார்ந்து காலை நீட்டி, சேலைக்கு மேலாகவே முட்டியைப் பிடித்துக்கொண்டாள், உதடு வெளுத்திருந்தது. இன்னும் ஆறு மாடி இருக்கிறது, இன்றைக்கு ஏறிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம், ராத்திரியில் தாரணிக்கு ரத்தம் பட்டால்? ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் போகும், இவள் படியில் ஒரு காலை வைத்து இன்னொரு காலை எடுத்து இறங்கி வருவதற்குள் ஆம்புலன்ஸ் போயே போய்விடும். பொங்கியண்ணன் பையைக் கீழே வைத்தார், எதிர்ப்படியில் உட்கார்ந்தார், அதியமானின் குரலை வரவழைத்துக்கொண்டார். "கண்ண மூடிக்கோ அம்மிணி. நீ இப்ப ஒரு தியேட்டர்ல இருக்கற." அவள் மூடிக்கொண்டாள், இவர் சொன்னால் எதையும் செய்துவிடுவாள். "எந்தத் தியேட்டருங்க?" "எதோ ஒண்ணு. திரை இருக்குது. என்ன தெரியுது?" "தாரணி தெரியறா." "லிஃப்ட் தெரியுதா?" "இல்லீங்க, தாரணி படுத்திருக்கறா, காலு வீங்கியிருக்குது." "செரி, கலரை எடுத்துரு." "எதுக்குங்க புள்ளையோட கலரை எடுக்கறது?" என்று அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். அடுத்து என்ன சொல்வது என்பதை மூன்றாம் நாள்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெருமூச்சு மறுபடியும் ஏறிப் போனது, அவள் தோள் சட்டென்று ஒடுங்கியது, இவர் அதைப் பார்த்தார், பார்த்ததும் முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒருநாளும் வராத கேள்வி தானாக வாயில் வந்தது. "லிஃப்ட்ல உனக்கு எது பயம்?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். ஏதாவது சொல்லி நிரப்பவேண்டும்போல நாக்கு துருதுருத்தது, கடித்துக்கொண்டார். துளசிமணி வெகுநேரம் தன் கால்விரலைப் பார்த்தாள். "சிரிக்கக்கூடாதுங்க." "இல்ல." "விழுந்துருவேன்னெல்லாம் பயமில்லீங்க. செத்தா சாகறது. சாத்தறப்ப ஒரு இடம், தொறந்தா வேற ஒரு இடம், அதுதானுங்க. பஸ்ஸுல போனா மரம் போகுது, ஊரு போகுது, நாம இன்ன பக்கம் வந்துட்டோம்னு தெரியுது. இதுல கதவச் சாத்துனதும் வெளிய நிக்கற நீங்க, புள்ள, இந்த ஊரு, ஒண்ணும் தெரியறதில்ல. அந்த நேரத்துக்கு இருக்கறீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது. கதவு தொறந்து, ஆருமே இல்லாத ஒரு பக்கம் நின்னுபோச்சுன்னா? எல்லாரும் போயி, நான் மட்டும் இருந்தா?" சொல்லிவிட்டு, பைத்தியக்காரத்தனமாகப் பேசிவிட்டோமோ என்பது மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொங்கியண்ணன் எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார், எல்லாருக்கும் ஒரே பயம், நான் போய்விட்டால் என்ன ஆவது, அந்த ஒரு பயத்தை வைத்துத்தான் வீடு கட்டினார், பெண்ணைப் படிக்கவைத்தார். நான் இருந்து, மற்றதெல்லாம் போய்விட்டால் என்று ஒருத்தர் பயந்து அவர் கேட்டதில்லை. அதற்குப் பாலிசி கிடையாது. கம்பி, பிரேக், விபத்து விகிதம், எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது. ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் ரசம் வருகிற நேரத்துக்கு மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தவளுக்குள்ளே இவ்வளவு பெரிய இடம் இருந்திருக்கிறது. உலகமே காலியாக நிற்கிற அளவுக்கு இடம். இவர் அந்த வாசலிலேயே இத்தனை வருஷம் குடியிருந்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல், பூட்டை உடைக்க ஒரு வாரப் படிப்பு தேடி அலைந்திருக்கிறார். இதில் எங்கே தியேட்டர், எங்கே கலர், எதைப் பின்னால் ஓட்டுவது? கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டால் அவள் பயந்துகொள்வாள். திருப்பூரில்தான் சேரவேண்டும் என்று அந்த நேரத்தில் முடிவாயிற்று, ரெண்டு மாசம் என்ன, வருஷம் முழுக்க வாயைக் கட்டிப்போட்டாலும் சரி, இப்படி ஒன்று கேட்கக் கிடைக்குமென்றால் உட்கார்ந்திருக்கலாம்.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றார் கடைசியில். "நீ ஒரு மாடி வா. ஒண்ணே ஒண்ணு. நான் படியில ஓடி மேல நிக்கறேன். தொறந்தா நான் இருப்பேன்." அவள் இவரைப் பார்த்தாள், இவருடைய தொப்பையைப் பார்த்தாள். "நீங்களா? ஓடியா?" "ஓடுவேன்." "தடுக்கிப் போடுமுங்க." "போடாது." "எனக்கு முன்னாடி போயிருவீங்களா?" "போயிருவேன் அம்மிணி." அவள் படியிலிருந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று, எழுந்து கைப்பிடியை விட்டுவிட்டு லிஃப்ட் வாசலுக்குப் போக இன்னும் வெகுநேரம் ஆயிற்று. இவர் பட்டனை அமுக்கினார், வந்தது, திறந்தது, உள்ளே வெள்ளை வெளிச்சம். துளசிமணி பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆற்றில் இறங்குகிறவள் மாதிரி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, காலை உள்ளே வைத்தாள். பதிமூன்றைத் தொட்டாள். "போங்க, போங்க" என்றாள். கதவு ரெண்டு பக்கமும் வந்து சேர்கிற வரைக்கும் இவர் நிற்கவில்லை, திரும்பி ஓடினார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, அதிரட்டும். செருப்பு ஒன்று திருப்பத்தில் கழன்றது, விட்டுவிட்டார். நெஞ்சு விலாவை இடித்தது, கண்ணில் பூச்சி பறந்தது, கைப்பிடியை இழுத்து இழுத்து, முக்கி, கடைசிப் படியை ரெண்டாகத் தாண்டி, பதிமூன்றாவது மாடி வாசலில் வந்து நின்றார். கதவு மூடியிருந்தது.

மூடிய கதவு. வழவழவென்று இரும்பு, அதில் தெளிவில்லாமல் ஒரு ஆள், அது இவர்தான். பக்கத்தில் யாரும் இல்லை, எந்த வீட்டிலிருந்தும் சத்தம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. வந்துவிட்டதா, வரவில்லையா, நடுவில் இருக்கிறதா, தாண்டிப் போய்விட்டதா, எதுவும் தெரியவில்லை. ஒரு மாடிதானே, ஒரு மாடிக்கு இவ்வளவு நேரமா? துளசிமணி என்று ஒருத்தி பன்னிரண்டில் உள்ளே போனாள், இவர் கண்ணால் பார்த்தார், இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் இவருக்குச் சொல்லத் தெரியாது. இந்த நிமிஷத்துக்கு அவள் எங்கேயும் இல்லை. அது நெஞ்சில் வந்து இறங்கியது, சொல்லாக இல்லை, குளிராக. கதவு திறந்து வெறும் வெள்ளை வெளிச்சம் மட்டும் நின்றால்? பெருந்துறை வீடு, அடுப்பில் வழிந்த பால், முப்பத்திரண்டு வருஷம், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆகிவிட்டால்? இதையா அவள் ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு வாசலிலும்? இதையா வைத்துக்கொண்டு சிரித்தாள்? பொங்கியண்ணன் ரெண்டு உள்ளங்கையையும் இரும்பில் வைத்தார். கூப்பிட வாயைத் திறந்தார், மூச்சு இல்லை, குரல் வரவில்லை.

மணி அடித்தது. கதவு கைக்கு அடியிலிருந்து நழுவி விலகியது. துளசிமணி நின்றாள், பை நெஞ்சில், கண் ரெண்டும் இறுக்கி மூடியிருந்தது.

"இருக்கறீங்களா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

பேசியே பிழைத்த மனுஷன் கையை நீட்டி அவள் கையைத் தொட்டார், அது ஐஸாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். இவரை மீசையிலிருந்து செருப்பில்லாத கால்வரைக்கும் ஒருமுறை பார்த்தாள், கண்ணில் நீர் முட்டியது.

"இருக்கறீங்க," என்றாள். பிறகு அவள் விரல் தானாகப் போய்ப் பதினாலைத் தொட்டது. "செரி, ஓடுங்க."